ஒல்லியானவர்களின் சர்க்கரை

அன்புள்ள ஐயா,

உயிர்வேதியியலில் முதுகலை முடித்திருக்கிறேன். தாத்தா, பெரியப்பா, அப்பா மூவருக்கும் சர்க்கரை நோய். அதனாலேயே நீரிழிவு, வளர்சிதை மாற்றம், ஆரோக்கியமான முதுமை என்று ஆராய்ச்சிக்குப் போக ஆசை. "ஒரு கேள்விக்குப் பதில் தெரிய இருபது வருஷம் ஆகும், அதுவரை என்ன செய்வாய்?" என்கிறார்கள் வீட்டில். எனக்கும் அந்தப் பயம் உண்டு. இந்தியாவில் இந்தத் துறையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை, வெளிநாடு போனால்தான் உண்டு என்கிறார் என் பேராசிரியர். மெட்ஃபார்மின் முதுமையைத் தள்ளிப்போடும் என்கிறார்களே, உண்மையா? சோற்றை விட்டுவிட வேண்டுமா? நான் இந்தத் துறைக்குப் போகலாமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

சோற்றைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மெட்ஃபார்மின் நீரிழிவுக்கு நல்ல மருந்து, அறுபது வருடத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. அது முதுமையையும் தள்ளிப்போடுமா என்று பெரிய அளவில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நியூயார்க்கில் நிர் பார்சிலாய் என்ற முதுமை ஆய்வாளர் பல வருடங்களாகப் போராடி வருகிறார். சோதனை நடந்து முடியட்டும், அப்புறம் பேசலாம்.

"இந்தியாவில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை" என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பாதி உங்கள் மேல், பாதி உங்கள் பேராசிரியர் மேல். அவர் சொன்னால் நீங்கள் அப்படியே எழுதிவிடுவதா? முதுகலை படித்தவர் நீங்கள். புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்று ஒரு நீரிழிவு மருத்துவர் வாழ்நாள் முழுக்க என்ன செய்தார் என்று ஒரு மாலை உட்கார்ந்து படித்திருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டீர்கள். சில வாரங்களாக நான் அவரைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் என் அம்மா.

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் சர்க்கரை என்று தெரிந்தது. அப்போது அவள் எடை 41 கிலோ. மருத்துவமனையில் எல்லோருக்கும் கொடுக்கும் அச்சடித்த தாளை அவளுக்கும் கொடுத்தார்கள். முதல் வரி, "உடல் எடையைக் குறைக்கவும்." பேருந்தில் வரும்போது அம்மா அதைப் படித்தாள். கட்டைவிரலாலும் நடுவிரலாலும் தன் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தாள். விரல் நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. "இதுல எதைடா குறைக்கிறது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. தாளில் போட்டிருந்ததற்காக ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். பத்தாம் நாள் குழாயடியில் மயங்கி விழுந்தாள். ஒல்லியான மனுஷிக்கு எப்படிச் சர்க்கரை வரும் என்று தெருவே வியந்தது. சாமி குத்தம் என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

அம்மா கேட்ட அதே கேள்விதான் யாஜ்னிக்குக்கும் வந்திருக்கிறது. ஆக்ஸ்போர்டில் பயிற்சி முடித்துத் திரும்பி, 1980களில் புனே கேஇஎம் மருத்துவமனையில் நீரிழிவு நோயாளிகளைப் பார்க்கிறார். பாடப்புத்தகத்தில் இருக்கும் பருமனான நோயாளியை அங்கே காணோம். கை கால் மெலிந்து, எடைக் கணக்கில் ஒல்லி என்று தள்ளிவிடக்கூடியவர்கள் வருகிறார்கள். வயிற்றில் மட்டும் கொஞ்சம் சதை. பின்னாளில் அவரும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, ஒன்றே, 22.3. உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடை மெஷின் இருவரையும் ஒரே மாதிரி என்று சொல்லிவிடும். என் அம்மாவுக்குக் கொடுத்த தாளும் அந்த எடை மெஷினை நம்பி எழுதியதுதான்.

இந்தக் கொழுப்பு எப்போது வருகிறது? அதைத் தேடி யாஜ்னிக் போனது புனேக்குப் பக்கத்தில் ஆறு கிராமங்களுக்கு. 1993இல் ஆய்வு தொடங்கியது. சுமார் எண்ணூறு கர்ப்பிணிகள். என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு தண்ணீர் சுமக்கிறார்கள், வயலில் எவ்வளவு நேரம் என்று எல்லாம் பதிவானது. பிள்ளை பிறந்ததும் எடை போட்டு, தோளெலும்புக்குக் கீழே தோலை மெல்லக் கிள்ளிப் பிடித்து இடுக்கிக் கருவியால் தடிமனை அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த பிள்ளைகளுக்கு 3.5. முக்கால் கிலோவுக்கு மேல் குறைச்சல். ஆனால் அந்தக் குறைச்சல் தசையிலும் வயிற்று உறுப்புகளிலும்தான் அதிகம். தோலுக்கடியிலிருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியான, ஆனால் கொழுத்த குழந்தை. புனேக் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தை லண்டன் குழந்தைகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டபோது, இத்தனை சிறிய உடம்புக்கு இன்சுலின் அதிகமாக இருந்தது. பிறந்த அன்றே.

நகரத்துச் சாப்பாடும் உட்கார்ந்த வேலையும் நோயை வளர்க்கின்றன, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விதை எங்கே விழுந்தது?

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன். அந்தத் தாய்மார்கள் எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம் சாப்பிட்டார்கள் என்பதற்கும் பிள்ளையின் அளவுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. கீரை, பால், பழம் எத்தனை தடவை சாப்பிட்டார்கள் என்பதற்குத் தொடர்பு இருந்தது. வயிற்றைச் சோற்றாலோ ரொட்டியாலோ நிரப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிற நம் வீடுகள் இதை யோசிக்க வேண்டும். மூன்றில் இரண்டு தாய்மார்களுக்கு ரத்தத்தில் பி12 வைட்டமின் குறைவு. கீரையில் இருக்கும் ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமின் குறைவாக இருந்தது ஒரே ஒருத்திக்குத்தான். பி12 குறைவும் ஃபோலேட் அதிகமும் சேர்ந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை எல்லோரையும்விட அதிகம். அது 2008இல் வெளிவந்தது. பி12 எதில் இருக்கிறது? பாலில், முட்டையில், மீனில், கறியில். ஒரு வீட்டில் இவை நான்கும் முதலில் யார் தட்டுக்குப் போகும், கடைசியில் யார் தட்டுக்கு என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எங்கள் வீட்டில் பால் அரைப்படி வாங்குவோம். அப்பாவுக்குக் காபி, எனக்கும் அண்ணனுக்கும் ஒரு டம்ளர் பால். மிச்சத்தில் உறை ஊற்றிய தயிரும் எங்களுக்கே. எல்லோரும் எழுந்த பிறகு அம்மா குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு, ஓரத்தில் ஒட்டியிருப்பதை வழித்துப் பிசைவாள். மீன் குழம்பென்றால் மீன் இருக்காது. அந்தச் சட்டியின் அடியில் விரல் உரசும் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. அவளைப் பெற்ற பாட்டி நிறைமாதத்திலும் நடவுக்குப் போனவள். ஒரு பெண் சிசு வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. அப்படியானால் அந்தச் சேற்றில் பாட்டி குனிந்து நின்றபோது அம்மாவோடு சேர்த்து எனக்கான முட்டையையும் சுமந்திருக்கிறாள். அம்மாவின் சர்க்கரைக்கு சாமி குத்தம் காரணமில்லை. அவள் செய்த தப்பும் காரணமில்லை. இதை அவளிடம் சொல்ல அவள் இப்போது இல்லை.

சரி, இருபது வருஷம். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற தாதியர் தலைவி, 1911 முதல் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் பேரேட்டில் எழுத வைத்தார். பிள்ளைகள் பிழைக்க வேண்டும் என்பதுதான் அப்போது கவலை. அந்தப் பேரேடுகளைத் தேடிப் பிடித்து, எடை குறைந்து பிறந்தவர்களே வளர்ந்தபின் இதய நோயில் அதிகம் இறந்தார்கள் என்று டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ ஆய்வாளர் எழுதியது 1989இல். பிறகு அறுபத்துநாலு வயதான ஆண்களை அழைத்துச் சர்க்கரை பார்த்தார்கள். அதிலும் அதே கதை. பேனா பிடித்த தாதிகளில் பெரும்பாலோர் அந்தப் பதிலைப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் இருபது வருஷத்துக்கே பதறுகிறார்கள்.

யாஜ்னிக்கின் குழு அந்த ஆறு கிராமங்களை விடவில்லை. ஆறு வயதில், பன்னிரண்டில், பதினெட்டில் அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். பதினெட்டு வயதில் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்தச் சர்க்கரை ஏற்கெனவே சரியில்லை. மொத்தப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் எடை குறைந்தவர்கள். 2012இல் அவர்களுக்கே, அவர்கள் அம்மா அப்பா ஆவதற்கு முன்பே, பி12 கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இப்போது அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். மூன்றாம் தலைமுறை. முதுமையை ஆராய விரும்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுபது வயதுக்காரரின் ரத்தத்தில் மட்டும் அதைத் தேடினால் கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும்தான் படிப்பீர்கள். முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க ஒரே ஊரில் இருக்க வேண்டும். அந்த ஊர்ப் பெண்கள் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு இருக்க வேண்டும். அந்தப் பொறுமை உங்களுக்கு உண்டா என்று எனக்குத் தெரியாது. உங்கள் பயத்தை மறைக்காமல் எழுதியிருந்தீர்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். தாத்தா, பெரியப்பா, அப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குச் சர்க்கரை பார்த்திருக்கிறீர்களா? உங்களை வயிற்றில் சுமந்தபோது அவர் எடை என்ன, கீரையும் பாலும் அவருக்குக் கிடைத்ததா என்று கேட்டிருக்கிறீர்களா? இன்று இரவு அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள். கேட்டதை எனக்கு எழுதுங்கள்.