முழங்கால் மூட்டுக்கு எந்த பிளாஸ்டிக்?

கேள்வி: என் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யப் போகிறோம். சாதாரண பாலிஎத்திலீன் வைத்த மூட்டு, 'ஹைலி கிராஸ்லிங்க்டு' வைத்தது, அதிலேயே வைட்டமின் ஈ சேர்த்தது என்று மூன்று சொல்கிறார்கள். விலையும் அதே வரிசையில் ஏறுகிறது. ஆயுளும் அப்படி ஏறுமா?

பதில்: இடுப்பு மூட்டு என்றால் கிராஸ்லிங்க்டு வாங்குங்கள் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். முழங்காலுக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது.

மூன்றும் ஒரே பிளாஸ்டிக்தான். வாளி செய்கிற பாலிஎத்திலீனின் நெருங்கிய சொந்தம். மூலக்கூறுச் சங்கிலி மட்டும் மிக நீளம். மூலக்கூறு எடை சுமார் 20 முதல் 60 லட்சம் வரை போகும். சங்கிலிகளில் ஏறக்குறைய பாதி மடிந்து அடுக்கி, படிகமாக இருக்கும். விறைப்பு அதிலிருந்து வருகிறது. மீதி நூல்கண்டு போலச் சிக்கிக் கிடக்கும். இழுத்தாலும் சட்டென்று உடையாமல் இருப்பது அதனால்தான்.

இடுப்பில் உலோக அல்லது செராமிக் பந்து இந்தப் பிளாஸ்டிக்கைப் பல திசைகளில் தேய்க்கிறது. ஒரு திசைத் தேய்ப்பில் மேற்பரப்புச் சங்கிலிகள் வரிசையாகப் படுத்துவிடும். அடுத்த தேய்ப்பு குறுக்கே வந்தால் அவை பிய்ந்து துகளாகும். அந்தத் துகள்தான் காலப்போக்கில் எலும்பை அரிக்க வைக்கிறது. கதிர்வீச்சால் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிட்டால் (கிராஸ்லிங்க்டு என்பது இதுதான்) அப்படிப் படுக்க முடியாது, தேய்மானம் நன்றாகக் குறைகிறது.

முழங்காலில் அசைவு பெரும்பாலும் முன்னும் பின்னும்தான். ஆனால் சின்ன இடத்தில் அழுத்தம் அதிகம், திரும்பத் திரும்ப விழுகிறது. அங்கே தேய்மானத்தோடு விரிசலுக்கும் பயப்பட வேண்டும். பிணைக்கப்பட்ட சங்கிலி நீண்டு கொடுக்காது. பிணைப்பு கூடக் கூட விரிசலைத் தாங்கும் திறன் குறையும். கிராஸ்லிங்க்டின் பலன் முழங்காலில் இடுப்பு அளவுக்குத் தெளிவாகத் தெரியாததற்கு இது ஒரு காரணம்.

அப்புறம் வைட்டமின் ஈ. உடம்புக்குச் சத்து சேர்ப்பதற்காக அல்ல அது! கதிர்வீச்சு சங்கிலிகளில் வினைபுரியத் துடிக்கும் முனைகளை விட்டுச்செல்லும். ஆக்சிஜன் அவற்றோடு சேர்ந்து சங்கிலியைத் துண்டாக்க, பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உருக்கி ஆற வைத்தால் அந்த முனைகள் போய்விடும், ஆனால் படிகமும் குறைந்து வலு இறங்கும். வைட்டமின் ஈ சேர்த்தால் உருக்காமலே அந்த முனைகளை அடக்கலாம். தத்துவம் சரிதான். ஆனால் அதற்காகக் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அம்மா வயதானவர், அதிகம் ஓடியாடுபவர் இல்லை என்றால் சாதாரண வகையே போதும் என்பது என் எண்ணம். ஒன்றை மட்டும் கேளுங்கள்: கிருமி நீக்கம் எப்படிச் செய்தார்கள்? காமா கதிர் என்றால் ஆக்சிஜன் இல்லாத உறையில் அடைத்திருக்க வேண்டும். காற்று பட்ட உறையில் கதிர் பாய்ச்சி, அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த பழைய காலத்து மூட்டுகள்தான் மோசமாகக் கெட்டுப்போயின. காலாவதித் தேதியையும் பாருங்கள். அறுவை முடிந்ததும் உறையில் உள்ள ஸ்டிக்கரின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அம்மாவின் கோப்பில் ஒட்டி வையுங்கள்.