டாக் கமென்ட்டில் கோடு உதாரணம்: கேள்வி பதில்

டாக் கமென்ட்னா கோடுக்குள்ளேயே (புரோகிராம் வரிகளுக்குள்ளேயே) படிக்கிறவங்களுக்காக எழுதுற விளக்கக் குறிப்பு. அதுல உதாரணம் எழுதுறது பற்றி புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டேன்.

லாஸ்பேட்டை மாணவி: அண்ணா, பங்ஷனுக்கு (ஒரு வேலையைச் செய்யுற கோடு துண்டுக்கு) விளக்கம் தெளிவா எழுதிட்டேன். உதாரணமும் கட்டாயமா?

கட்டாயம்மா. விளக்கத்தைப் படிக்கிறவங்களைவிட உதாரணத்தை அப்படியே காப்பி எடுக்கிறவங்கதான் ஜாஸ்தி. பின்கோடு சரிபார்க்கிற பங்ஷன்னா, 605001 கொடுத்தா ட்ரூ வரும்னு காட்டு. அதோட விட்டுடாதே, 005001 கொடுத்தா ஃபால்ஸ்னும் காட்டு. எந்தப் பின்கோடும் சைபர்ல ஆரம்பிக்காது. உன் பங்ஷனுக்கு அது தெரியுமான்னு அந்த ரெண்டாவது வரிதான் சொல்லும். பத்து உதாரணம் அடுக்காதே, அது டெஸ்ட் ஃபைல் (கோடைச் சோதிக்கிற தனி ஃபைல்) வேலை.

நெய்வேலி நண்பர்: கோடு மாறிடுது, உதாரணம் பழசாவே கிடக்குது சார்.

மெஷினே ஓட்டிப் பார்க்கிற மாதிரி எழுதுங்க. பைத்தான் மொழியில் இதுக்கான டாக்டெஸ்ட்ங்கிற கருவி 2001-ல வந்த 2.1 பதிப்பிலிருந்தே கூட இருக்கு. >>> போட்ட வரியை ஓட்டி, கீழே நீங்க எழுதின விடையோட எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ரஸ்ட் மொழி லைப்ரரின்னா /// கமென்ட்டில் இருக்கிற கோடை கார்கோ டெஸ்ட்ங்கிற கட்டளையே ஓட்டிடும். கோ மொழியில் உதாரணம் டெஸ்ட் ஃபைல்ல, எக்ஸாம்பிள்னு பேர் தொடங்கும் பங்ஷனா இருக்கும். அதன் கடைசியில் அவுட்புட் கமென்ட் (வர வேண்டிய விடையைச் சொல்ற குறிப்பு) இல்லேன்னா கம்பைல் மட்டும்தான் ஆகும், அதாவது மெஷின் மொழிக்கு மாறும், ஓடாது. டெஸ்ட் பாஸ்னு பார்த்துட்டு நிறைய பேர் ஏமாறுறது இங்கேதான்.

முதலியார்பேட்டை: என் டாக்டெஸ்ட் ஒரு தடவை பாஸ், மறு தடவை ஃபெயில். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நாலையும் ஒரு செட்டில் போட்டு பிரின்ட் பண்றேன், அவ்வளவுதான்.

வில்லங்கமே அந்த செட்தான், அது வரிசை பார்க்காத தொகுப்பு. பைத்தான் 3.3 முதல் ஸ்ட்ரிங் ஹேஷ் (எழுத்துத் தொடரிலிருந்து பைத்தான் கணக்கிடுற எண்) ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும், அதனால வரிசையும் மாறும். சார்ட்டட் பண்ணி, அதாவது வரிசைப்படுத்தி, பிரின்ட் பண்ணுங்க. டிக்‌ஷனரிக்கு (பேரும் மதிப்புமா ஜோடி ஜோடியா வைக்கிற தொகுப்புக்கு) 3.7 முதல் இந்தத் தொல்லை இல்லை. போட்ட வரிசையிலேயே வரும்.

மஞ்சக்குப்பம்: உதாரணத்தில் ஃபூ, பார்னு அர்த்தமில்லாத பேர் வைக்கலாமா?

வேண்டாமே. ஊர், கட்டணம்னு அர்த்தமுள்ள பேரா வைங்க. நிஜ ஆளோட போன் நம்பர் மட்டும் கூடாது.

கடலூர் ஓ.டி.: ரஸ்ட்டில் உதாரணத்தைவிட முன்னேற்பாட்டு வரிகள் நீளமா இருக்கு. நெட்வொர்க்கும் வேணும். உதாரணத்தைக் கண்டுக்காதேன்னு சொல்ற இக்னோர் குறி போட்டுடவா?

போடாதீங்க தம்பி, அப்புறம் கம்பைல்கூட ஆகாது, உதாரணம் உடைஞ்சாலும் தெரியாது. நோ ரன் போடுங்க: கம்பைல் ஆகும், ஓடாது. முன்னேற்பாட்டு வரிகளுக்கு முன்னால # போட்டு ஒரு இடைவெளி விடுங்க. படிக்கிறவங்க கண்ணுக்குத் தெரியாது, கம்பைலருக்குத் தெரியும்.