வாசகர் கேள்வி – பதில்: நாய்க்கட்டியை ஆராய ஒரு பேராசிரியரா?

கேள்வி: என் மகன் பேராதனையில் கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறான். அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று புற்றுநோய் உயிரியலில் சிரேஷ்ட ஆய்வாளர் ஒருவரைத் தேடும் விளம்பரத்தைக் காட்டி, "அம்மா, ஒருநாள் அந்தக் கதிரையில் நான் இருப்பேன்" என்றான். மிருகங்களுக்கு வரும் புற்றுநோயை ஆராய அவ்வளவு பெரிய பதவி எதற்கு? எதைப் பார்த்து ஆளைத் தெரிவு செய்வார்கள்? வன்னிப் பிள்ளைக்கு அது எட்டுமா?
— ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, புற்றுநோயைப் பற்றி மனிதர் அறிந்துகொண்டவற்றுள் முக்கியமான சில, விலங்குகளிடமிருந்தே வந்தவை. பேட்டன் ரூஸ் என்ற விஞ்ஞானி, கோழியின் கட்டியை அரைத்து, கலங்கள் எதுவும் இல்லாதபடி வடிகட்டிய சாற்றை வேறொரு கோழிக்கு ஏற்றியபோது அதற்கும் கட்டி வந்ததை 1911இல் வெளியிட்டார். வைரஸ் புற்றுநோயை உண்டாக்கும் என்ற அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்ததோ 1966இல். நம்மூர்க் கோழிப் பண்ணைக்காரர் நன்கறிந்த மரெக் நோயும் வைரஸால் வரும் புற்றுநோய்தான். 1970ஐ ஒட்டிப் பயன்பாட்டுக்கு வந்த அதன் தடுப்பூசியே, எந்த உயிரினத்திலும் ஒரு புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி.

நாய்களின் எலும்புப் புற்றுநோய், வளரிளம் பிள்ளைகளுக்கு வரும் எலும்புப் புற்றுநோயைப் பெரிதும் ஒத்தது. நாய்களில் அது மனிதரைவிட மிகுதியாகக் காணப்படுவதாலும் விரைந்து வளர்வதாலும், ஒரு மருந்து பயன் தருமா என்பதை அங்கே சீக்கிரம் அறியலாம். ஆய்வுகூட எலிக்கு நோயை நாம் உண்டாக்குகிறோம். நாய்க்கோ நம் முற்றத்தில், நம் காற்றையே சுவாசித்து வாழும்போது அது தானாக வருகிறது. இந்தக் காரணத்தால்தான் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகம் நாய்களின் புற்றுநோயை மனிதருடையதோடு ஒப்பிட்டு ஆராய 2003இல் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இரவில் நம் வயலுக்குள் இறங்கும் யானைக்கு, அத்தனை பெரிய உடல் இருந்தும், புற்றுநோய் அரிது. பழுதுபட்ட கலத்தை அழியச் செய்யும் பி53 மரபணுவின் பிரதிகள் யானையிடம் ஏறத்தாழ 20 இருப்பதை 2015இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

மாங்குளத்துக்கு அருகே மிருக வைத்தியர் ஒருவரின் அறையில் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். தெருநாய் ஒன்றின் பிறப்புறுப்பில் பூக்கோவாவைப் போன்ற கட்டி, இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. வைத்தியர் முன்னங்கால் நரம்பைத் தேடி, மருந்து ஒரு துளியும் வெளியே கசிந்துவிடாதபடி மெல்ல மெல்ல ஏற்றினார். கசிந்தால் அந்த இடத்துச் சதை அழுகிவிடும் என்றார். வாரம் ஒரு ஊசியாக நான்காவது வாரம் போய்ப் பார்த்தபோது கட்டி வாடிச் சுருங்கியிருந்தது. அந்த மருந்து வின்கிறிஸ்டின், நம் வேலியோரத்துப் பட்டிப்பூவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் அதுவே கொடுக்கப்படுகிறது. அந்தக் கட்டியின் கலங்கள் அந்த நாயினுடையவையே அல்ல. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயில் தோன்றி, இணை சேரும்போது நாய்க்கு நாய் தொற்றி இன்றுவரை வாழ்பவை. வேறொரு நாயின் கலங்களை இந்த நாயின் உடல் ஏன் எதிர்க்காமல் விடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கே ஒருவருடைய ஆயுட்காலம் போதாது.

தெரிவுக்கு வருகிறேன். சிரேஷ்ட பதவிக்குப் பரீட்சைப் புள்ளிகளை எவரும் பார்ப்பதில்லை. ஒரே கேள்வியைப் பல ஆண்டுகள் விடாது பின்தொடர்ந்தவரா, ஆராய்ச்சி மானியங்களைப் போட்டியிட்டுப் பெற்று ஒரு குழுவை நடத்தியவரா, கல்லூரியின் விலங்கு மருத்துவமனையில் வைத்தியம் பார்ப்பவர்களோடு கலந்து வேலை செய்யக்கூடியவரா என்று தெரிவுக்குழு பார்க்கும். அந்த இணக்கம் இல்லாவிட்டால் மருத்துவமனையில் அகற்றப்படும் கட்டிகள் ஆய்வுகூடத்தை வந்தடையா. என்னைக் கேட்டால், அவரிடம் படித்தவர்கள் இன்று தம் காலில் நிற்கிறார்களா என்பதையே முதலில் விசாரிப்பேன். விண்ணப்பம், பரிந்துரைக் கடிதங்கள், பொதுவில் ஓர் உரை, பின்னர் எதிர்காலத் திட்டத்தைப் பற்றி ஆசிரியர்களோடு மூடிய அறையில் ஒரு விவாதம் என்று மாதக்கணக்கில் இது நடக்கும். கல்லூரியும் ஆய்வுகூடம், தொடக்க நிதி, உதவியாளர்கள் என்று வாக்களித்தாக வேண்டும். நடப்பிலுள்ள மானியம் பெரும்பாலும் பழைய நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், அவர்கள் விட்டுக்கொடுத்தால்தான் அது ஆய்வாளரோடு இடம்மாறும்.

எட்டுமா என்றால், எட்டும். ஆனால் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். கலாநிதிப் பட்டம், அதன்பின் வேறோர் ஆய்வுகூடத்தில் சில ஆண்டுப் பயிற்சி, உதவிப் பேராசிரியர் பதவி என்று படிப்படியாகத்தான் அந்தக் கதிரை வரும். தம்பி இப்போது செய்ய வேண்டியது, அந்தக் கல்லூரியின் ஆய்வாளர்கள் இருவர் மூவரின் கட்டுரைகளை ஊன்றிப் படித்து, கலாநிதிப் படிப்புக்கு இடமுண்டா என்று அவர்களுக்கு எழுதுவது. உயிர்மருத்துவ ஆய்வில் அங்கே கலாநிதி மாணவருக்குப் படிப்புக் கட்டணம் நீக்கப்பட்டு உதவித்தொகையும் வழங்கப்படுவது வழமை. ஆகவே காணியை ஈடுவைக்க வேண்டுமே என்று கலங்காதீர்கள். ஆராய்ச்சி மட்டும் செய்பவருக்குப் பெரும்பாலும் அந்நாட்டு வைத்திய அனுமதிப்பத்திரம் தேவைப்படாது; சிகிச்சையும் செய்ய விரும்பினால் அதற்கான பரீட்சைகளில் தேற வேண்டும்.

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் பணியாற்றும் மிருக வைத்தியர் நான். வெட்டியெடுக்கும் கட்டிகளைப் புதைத்துவிடுகிறோம். அவை ஆராய்ச்சிக்கு உதவுமா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: கட்டாயம் உதவும். தயவுசெய்து இனிப் புதைக்காதீர்கள். நான் மேலே சொன்ன ஆய்வாளர்களின் வேலை இத்தகைய துண்டுகளிலிருந்தே தொடங்குகிறது. ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடிக்காத துண்டாக வெட்டி, அதைப்போல் பத்து மடங்கு அளவான பத்து வீதப் போமலின் கரைசலில், வாய் அகன்ற போத்தலில் இடுங்கள். தடித்த துண்டானால் கரைசல் உள்ளே ஊறுமுன் நடுப்பகுதி அழுகிவிடும். விலங்கின் வயது, இனம், பால், கட்டி இருந்த இடம், எத்தனை நாளாக வளர்ந்தது ஆகியவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். போமலின் பட்டால் பேனா மை கரைந்துவிடும். பின்னர் பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தின் நோயியல் பிரிவுடன் பேசி, அனுப்பும் முறையைக் கேட்டறியுங்கள்.