காலைத் தொங்கப்போட்டால்தான் உறக்கமா?

கேள்வி: வயது 61. கொஞ்ச தூரம் நடந்தாலே இடது கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. தெற்கு ரத வீதியை ஒரே நடையில் கடக்க முடியவில்லை. இரண்டு காலிலும் பச்சை நரம்பு தெரிகிறது. சம்மணம் போட்டால் மரத்துப்போகிறது. காலை எடுக்க வேண்டிவரும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பூண்டுத் தைலம் தேய்க்கிறேன், இறுக்கமான காலுறை போடுகிறேன், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். சர்க்கரை உண்டு. பீடியைக் குறைத்துவிட்டேன். ராத்திரி காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால்தான் உறக்கம் வருகிறது. கட்டைவிரலில் செருப்புக் கடித்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை.
- வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: அண்ணாச்சி, கடைசி இரண்டு வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். நடந்தால் வலி, நின்றால் சுகம் என்பது காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியதன் அடையாளம். அதை மட்டும் வைத்துக்கொண்டு பல பேர் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். படுத்தாலே வலி, தொங்கப்போட்டால் தேவலை என்றால் கதை வேறு. கூடவே ஆறாத புண்ணும் இருந்தால் இது ஒவ்வொரு நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டிய சோலி.

பாளையங்கால்வாயில் அமலைச் செடி மண்டித் தண்ணீரை மறித்துக் கிடந்தாலும், நடவு இல்லாத நாளில் யாரும் கண்டுகொள்வதில்லை. நடவு தொடங்கினால்தான் கடைமடைக்காரர் சத்தம் போடுவார். நடக்கும்போது கெண்டைச் சதைக்குப் பல மடங்கு ரத்தம் வேண்டும். அது கிடைக்காத வலிதான் ரத வீதியில் உங்களை நிறுத்துகிறது. சும்மா படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கிறதென்றால், கடைமடைக்குக் குடிக்கக்கூடத் தண்ணீர் வரவில்லை. தொங்கப்போட்டால் பூமியின் இழுப்பில் கொஞ்சம் ரத்தம் கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான். அந்தச் சுகத்தைக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தானே மூன்று வாரம் வீட்டிலேயே இருந்தீர்கள்? சீக்கிரம் வந்தால் பலூன் வைத்துக் குழாயை விரிக்கலாம், குழாயைத் திறந்தே வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழலை வைக்கலாம், பைபாஸ் செய்யலாம். ரத்தம் போய்ச் சேர்ந்தால் புண் ஆற வழி உண்டு. இதே பயத்தில் ஒளிந்திருந்து, விரல் கறுத்து, நாற்றம் வந்தபின் தூக்கி வரப்படுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் எடுக்க நேர்கிறது.

நாளைக் காலையே ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ, ரத்தக்குழாய் நிபுணரிடமோ போங்கள். பாதத்தில் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு. உங்களைப் போன்ற சர்க்கரைக்காரருக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, எண் பொய்யாகக் கூடுதலாக வருவதுண்டு. ஆகவே எண் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்காமல் திரும்பாதீர்கள்.

பச்சை நரம்பு என்பது ரத்தத்தை நெஞ்சுக்குத் திருப்பிக் கொண்டுபோகத் தோலுக்கடியில் ஓடும் சிரை, இந்த வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சம்மணம் போட்டு மரத்துப்போவதை விடுங்கள், எனக்கும் மரத்துப்போகும்.

காலுறையை இன்றே கழற்றுங்கள். சிரை வீங்கியவருக்கு அது மருந்து. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைத்தவருக்கு, வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நெரிக்கும். யார் சொல்லி வாங்கினீர்கள்? வலி மாத்திரை குழாயைத் திறக்காது, சர்க்கரையோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூண்டை ரசத்தில் போடுங்கள். புண் உள்ள காலில் தைலத்தைச் சூடுபண்ணித் தேய்ப்பதும், வெந்நீரில் ஊறவைப்பதும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது. உச்சி வெயிலில் நெல்லையப்பர் கோயில் கல்தளத்தில் நடந்துவிட்டு, கொப்புளத்தை மறுநாள் வீட்டில் யாரோ பார்த்துச் சொல்லி வருகிறவர்கள் உண்டு.

பீடியைக் ‘குறைத்துவிட்டேன்’ என்பதை நான் கணக்கில் எடுக்கமாட்டேன். வீட்டுக்கு வீடு பீடி சுற்றிப் பிழைக்கிற ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்வது எனக்கும் சங்கடம்தான். ஆனால் சர்க்கரையே இல்லாத முப்பது வயதுப் பிள்ளைகளுக்குப் புகையால் மட்டுமே விரல் விரலாகக் கறுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். 1908இல் லியோ பர்கர் என்ற டாக்டர் விவரித்த நோய் அது. பீடியை அடியோடு விட்டவருக்கு நிற்கும். குறைத்தவருக்கு நிற்பதில்லை.

காலில் அடைத்த குழாய் நெஞ்சிலும் மூளையிலும் அடைக்கும். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரையெல்லாம் அதற்குத்தான், டாக்டர் எழுதித் தந்தபின் விடாமல் போட வேண்டும். நடைப்பயிற்சி இப்போது வேண்டாம். புண் ஆறியபின் டாக்டர் சொன்னதும் ரத வீதியில் வலி வரும்வரை நடங்கள், நின்று வலி அடங்கியதும் மறுபடி நடங்கள். இப்படி அரைமணி, வாரத்தில் மூன்று நாளாவது. மூன்று மாதத்தில் நிற்காமல் நடக்கிற தூரம் கூடும்.

இதற்கிடையில் கால் திடீரென்று வெளுத்து, ஜில்லிட்டு, விரலை அசைக்க முடியாமல் போனால், ராத்திரி இரண்டு மணியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்ப வேண்டும். விடியட்டும் என்று படுத்திருந்தால் அதில் பாதி போய்விடும்.