கறுப்புத் திரையில் கடைசி வரி

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அது பாதியில் நின்றுபோனதாகப் பெங்களூரு நண்பர்கள் கேட்டவை இவை. திரையில் கடைசியாக என்ன வரி இருந்தது என்று எழுதியவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல முடிந்தது. ‘ஓடவில்லை’ என்று மட்டும் எழுதியவர்கள் அந்த வரியோடு மறுபடி வாருங்கள்.

அல்சூர்: அண்ணா, பத்து வருட டெஸ்க்டாப். தினமும் காலையில் பூட் ஆக டிஸ்க்கே இல்லை என்கிறது. பயாஸுக்குள் போய் யுஇஎஃப்ஐ என்று மாற்றினால் ஓடுகிறது. மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. ஹார்ட் டிஸ்க் போச்சா?

டிஸ்க் மேல் பழி போடுமுன் பயாஸில், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு புரோகிராமில், தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் இருந்தால், மதர்போர்டில் காசு மாதிரி உட்கார்ந்திருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. ராத்திரி சுவிட்சை அணைத்ததும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து லெகஸி என்ற பழைய பூட் முறைக்குத் திரும்பிவிடுகிறது. யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் போட்ட லினக்ஸ் அப்போது அதன் கண்ணில் படாது. சிஆர்2032 என்று கேட்டு வாங்குங்கள். 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன், அந்த எண்ணுக்கு அதுதான் அர்த்தம். இதற்காகக் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோடு வரை போக வேண்டாம், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓரத்துக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் பழையது துள்ளி வரும். கூட்டல் குறி மேலே தெரிய புதியதை அழுத்துங்கள். அப்புறம் தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி பின்னால் இருந்தால் அப்டேட்டும் முரண்டு பிடிக்கும். இது தெரியாமல் எங்கள் தெரு டியூஷன் சென்டர் மெஷினில் இரண்டு தடவை டெபியன் லினக்ஸை அடியிலிருந்து போட்டவன் நான்.

சிவாஜிநகர்: கரண்ட் போய் வந்த பிறகு அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று வந்து நிற்கிறது சார். கடையில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள்.

ஃபார்மட் வேண்டவே வேண்டாம். உங்கள் டிஸ்க்கைத் திறப்பதற்கு முன் லினக்ஸ் மெமரியில் ஏற்றிக்கொள்ளும் குட்டி சிஸ்டம் அது. உள்ளே போக முடியாமல் வாசலில் நிற்கிறது, அவ்வளவுதான். மேலே இருக்கும் வரியைப் படியுங்கள். ‘எஃப்எஸ்சிகே-வைக் கையால் ஓட்டு’ என்று இருந்தால், அதில் சொல்லியிருக்கும் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) பெயரோடு, பிழைகளைத் தேடித் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையைக் கொடுங்கள்; முடிந்ததும் எக்ஸிட். அது கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஒய்’ அடித்துக் கை வலிக்கும். கட்டளையோடு ஒரு கோடும் ‘ஒய்’யும் சேர்த்தால் கேட்காது. ஆனால் பேக்கப் எடுக்காத கல்யாண போட்டோ உள்ளே இருந்தால் முதலில் லைவ் யுஎஸ்பியில் (பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில்) ஏறி அதை வெளியே எடுங்கள். ரிப்பேர் என்பது சில சமயம் கோப்புகளை வெட்டி எறிவதும்தான்.

‘இந்த யுயுஐடி இல்லை’ என்று இருந்தால் கதை வேறு. யுயுஐடி என்பது பார்ட்டிஷனின் அடையாள எண்; அது இல்லை என்றால் டிஸ்க்கே தெரியவில்லை. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், இல்லை வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

கே.ஆர்.புரம்: ‘எக்ஸ்86-64 பிராசஸர் வேண்டும், இங்கே இருப்பது ஐ686’ என்கிறது.

உங்களுடையது 32 பிட் பிராசஸர், நீங்கள் போட்டது 64 பிட். உபுண்டு 2017-இல் வந்த 17.10 பதிப்போடு 32 பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்ய இறக்கும் கோப்பை) நிறுத்திவிட்டது. டெபியன் 13-லும் அதற்கு இன்ஸ்டாலர் கிடையாது. டெபியன் 12-இன் ஐ386, அதாவது 32 பிட், ஐஎஸ்ஓவை எடுங்கள்.

விவேக்நகர்: க்ரப் மெனு வருகிறது, அதற்குப் பிறகு ஒரே இருட்டு அண்ணா.

எந்த சிஸ்டத்தை எழுப்புவது என்று கேட்கும் அந்த க்ரப் மெனுவில் ஆங்கில ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு ‘நோமோட்செட்’ சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். படம் வந்தால் கோளாறு கிராஃபிக்ஸ் டிரைவரில். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும். நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. வீடியோ எல்லாம் மாட்டு வண்டி போல ஓடும். உள்ளே போய்ச் சரியான டிரைவரைப் போடுங்கள்.

ஜீவன்பீமா நகர்: ஆன் செய்தால் பீப் பீப் சத்தம், திரையில் ஒன்றுமே இல்லை. லினக்ஸ் போட்டதால்தான் கெட்டது என்கிறார் மாமனார்.

லினக்ஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை அம்மா, அதற்குள் பழியா? பெரும்பாலும் ரேம்தான். கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் ‘டக்’ என்று பூட்டும்வரை அழுத்துங்கள். தேய்க்கிற வேலையை மாமனாரிடமே கொடுக்கலாம்.