வெயிலில் வேலை, தோலுக்குக் காவல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: "கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது, அதெல்லாம் வெள்ளைக்காரன் நோய்" என்கிறார் எங்கள் மேஸ்திரி. உண்மையா?
– கொத்தனார், செங்கல்பட்டு

பதில்: பாதி உண்மை. தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுப்பதால், நம்மவர்களுக்குத் தோல் புற்றுநோய் குறைவுதான். ஆனால் வராமல் இல்லை. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2023-ல் வெளியிட்ட உலகக் கணக்கில், மெலனோமா (நிறமிச் செல்களில் தொடங்கும் தோல் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோய் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வெயிலில் வேலை செய்வதால் நேர்வது.

நம் உடம்பில் கண் வைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. கீழுதடு, காது மடல், மூக்கு ஆகியவை வெயில் நேராக விழும் இடங்கள். பழைய தீக்காயத் தழும்பிலும், வருடக்கணக்கில் ஆறாத கால் புண்ணிலும் புற்றுநோய் கிளம்பலாம். அதற்கு வெயில் காரணமல்ல. கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடத்தில்தான் வருகிறது. அங்கே எந்தக் கிரீமும் உதவாது. மாதம் ஒரு முறை காலைக் கழுவிவிட்டு உள்ளங்காலைப் பார்ப்பதுதான் வழி.

கேள்வி: உப்பளத்தில் வேலை. சன்ஸ்கிரீன் பூசினால் வியர்வையில் வழிந்து கண் எரிகிறது, விலையும் கட்டுப்படியாகவில்லை. வேறு வழி?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: கிரீமைக் கடைசியில் வையுங்கள். முதலில் துணி. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கும் பெண்களின் வழக்கம், கடையில் விற்கும் பல பொருள்களைவிட நல்ல காப்பு. சட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கதிரும் நுழையும். வெளுத்து நைந்த வெள்ளைப் பருத்தித் துணி நனைந்துவிட்டால் காப்பு இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த, சற்று அடர் நிறத் துணி நல்லது. உடம்போடு ஒட்டாமல் தொளதொளவென்று இருந்தால் காற்றும் ஓடும்.

தலைக்குச் சுற்றிலும் 7.5 செ.மீ. விளிம்புள்ள தொப்பி. முன்னால் மட்டும் விளிம்புள்ள கிரிக்கெட் தொப்பியில் காதும் பிடரியும் வெளியே நிற்கும். அதைத்தான் போடுவதென்றால் அடியில் துண்டைத் தொங்கவிடுங்கள். உப்பளத்தில் இன்னொரு சிக்கல்: வெள்ளை உப்பும் பாத்தித் தண்ணீரும் கதிரைக் கீழிருந்து மேலே திருப்பியடிக்கின்றன. தொப்பி மட்டும் போதாமல் போவது இதனால்தான். மூக்குக்குக் கீழே துணி கட்டுங்கள், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணியுங்கள். கண்ணில் சதை வளர்வதற்கும் இந்தக் கதிருக்கும் தொடர்பு உண்டு.

துணி மூடாத இடத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். (வெயில் காப்பைக் குறிக்கும் எண்) 30 போதும், அது தோலைச் சுட்டெரிக்கும் புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதம் தடுக்கும். 50 என்றால் 98. இந்த ஒரு சதவீதத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த எண், ஒரு சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் அரை டீஸ்பூன் ஆகும். பொட்டுப் பொட்டாகத் தொட்டுத் தேய்த்தால் 50 என்று எழுதியது 10 அளவுக்குக்கூட வேலை செய்யாது. இரண்டு மணிக்கொரு முறை, அல்லது துண்டால் முகத்தைத் துடைத்ததும், மறுபடி பூச வேண்டும். நாளுக்கு மூன்று முறை என்றால் 50 கிராம் டியூப் ஒரே வாரத்தில் தீரும். மூன்று மாதம் வந்தால், அது பாதுகாக்கவில்லை என்று அர்த்தம். கண் எரிந்தால் துத்தநாக ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணோரம் பூசாதீர்கள்.

கேள்வி: கணவர் கத்தாரில் கட்டுமானப் பணியில் இருக்கிறார். அங்கே மதிய ஓய்வு உண்டாமே, அது போதுமா?
– வாசகி, இராமநாதபுரம்

பதில்: 2021 முதல் அங்கே ஜூன் 1 – செப்டம்பர் 15 காலத்தில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. கதிர் மிகுந்த நேரமும் அதில் அடங்கிவிடுகிறது. ஆனால் தடை வெப்பத்துக்காக வந்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் அது இல்லை, கதிர் அப்போதும் கடுமைதான். மேகம் மூடியிருந்தாலும், காற்று குளிர்ந்திருந்தாலும் புற ஊதா வரும். உடம்பு சுடுவதை வைத்துக் கணிக்காமல் நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள்: தன் நிழல் தன் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் காப்பு அவசியம்.

ஹெல்மெட்டுக்குள் தடித்த துண்டை மடித்து வைக்கக் கூடாது. உள்பட்டை தலையில் சரியாகப் பிடிக்காமல், அடிபடும்போது ஹெல்மெட் கழன்றுவிடும். ஹெல்மெட்டின் மேலேயே மாட்டும் விளிம்பும் கழுத்துத் துணியும் கிடைக்கின்றன. ஓட்டை போட்டுத் துணி கட்டுவதும் ஆபத்து.

கேள்வி: இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டால் வெயில் ஆகாதா?
– விவசாயி, திருவாரூர்

பதில்: எல்லா மாத்திரையும் அல்ல. ஹைட்ரோகுளோரோதயசைடு நீண்ட காலம் எடுத்தால் தோல் வெயிலை எளிதில் தாங்காது, புற்றுநோய் வாய்ப்பும் சற்றுக் கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுக்கும் நாள்களிலும் கவனம்.

கேள்வி: எந்தப் புண்ணுக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும்?
– சாலைப் பணியாளர், தருமபுரி

பதில்: நான்கு வாரத்தில் ஆறாத புண். பொருக்கு விழுந்து மறுபடி அதே இடத்தில் இரத்தம் கசிவது. சொரசொரப்பாகத் தடித்து வளர்வது. உருவோ நிறமோ மாறும் மச்சம். அடிபடாமலே நகத்தில் தோன்றி அகலமாகும் கறுப்புக் கோடு. இவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். அதனால் நோய் பரவாது. எருக்கம்பால், சுண்ணாம்பு வைத்துச் சுடாதீர்கள். அழகு நிலையத்தில் மச்சத்தைப் பொசுக்கவும் வேண்டாம்: மேல்பகுதி மட்டும் போய், சோதிக்க வேண்டிய திசுவும் கையில் இல்லாமல் போய்விடும்.