மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர் வன்முறையில் இறங்குவாரா என்று மூளை ஸ்கேன் சொல்லுமா?

சொல்லாது. மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் ஆளைப் படுக்க வைத்து, பயந்த முகம், கோபமான முகம் என்று ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுவார்கள். அப்போது, பயம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எப்படி மாறுகிறது என்று பதிவாகும். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, வன்முறையில் ஈடுபட்ட மனச்சிதைவு நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. சைக்கோபதி (இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாத குணம்) மதிப்பெண் கூடக்கூட, பயந்த முகத்துக்கு அமிக்டலா காட்டும் எதிர்வினை குறைந்தது. நோய் எல்லோருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் இந்தக் குணத்தோடு வந்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆனால் இதெல்லாம் குழுவாகப் பார்த்துச் சொல்வது. ஒருவரின் படத்தை வைத்து ஜோசியம் பார்க்க முடியாது (மாத்திரையும் சிக்னலை மாற்றலாம்). அப்புறம், அதே 2009இல் 20 ஆய்வுகளைத் திரட்டி அலசியவர்கள், மனச்சிதைவு உள்ளவர்களிடம் காணப்படும் கூடுதல் வன்முறை அபாயத்தில் பெரும்பகுதி குடி, போதைப் பழக்கத்தோடு சேர்ந்தே வருவதாகக் கண்டார்கள்.